கீழ்ப்பிடி

வீடு மாற்றித் தரும் அந்தக் கம்பெனியில் ஆட்களுக்கு இரண்டே கூலி. மாடிப்படியில் சாமானின் அடிப்பக்கம் பிடிப்பவனுக்கு முழுக்கூலி, மேல்பக்கம் பிடிப்பவனுக்குப் பாதி. பாரமெல்லாம் கீழே நிற்பவன் தலையில்தானே விடியும்! அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களை மேலாளர் ஒவ்வொருவராக மேல்பிடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். தலையில் நரை தெரிந்தால் போதும்.

ஜாக்கிக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. அடியில் நின்றே தூக்கிப் பழகியவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவரும் மனைவியும் யார் கையையும் எதிர்பார்க்காமல் தனியாக இருந்தார்கள். பாதிக்கூலி வாடகைக்கே காணாது. அப்புறம் மகள் வீட்டு வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

அன்று மூன்றாம் மாடிக்கு ஓர் இரும்பு பீரோ.

"நடுவுல தடுமாறாம ஏத்திட்டா கீழ்ப்பிடி உங்களுக்கே," என்றார் மேலாளர். "இல்லன்னா இனிமே மேல்பிடிதான்."

மேலே பிடித்தவன் மாப்பிள்ளை, மகளின் கணவன்.

"மாமா, நீங்க சும்மா பிடிச்சுக்குங்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க உங்க பக்கத்தைப் பாருங்க மாப்ளே."

இரண்டு மாடி வரை ஜாக்கி அசரவில்லை. அடுத்த திருப்பத்தில் மாமனாரின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்து மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. இடுப்பளவில் இருந்த தன் பக்கத்தைத் தோள்வரை தூக்கிவிட்டான். மேல்பக்கம் உயர உயரப் பாரம் கீழேதான் இறங்கும் என்பது பாவிக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. மொத்த பீரோவும் ஜாக்கியின் நெஞ்சில் சாய்ந்தது. முழங்கால் படியில் இடித்தது.

மேலாளர் ஏறி வந்தார். "என்னாச்சு?"

"சார், நான்தான்..." மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

மேல்பிடிகூடத் தெரியாதவனை மேலாளர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மகள் வீட்டில் அடுப்பு எரிவது அவன் சம்பாத்தியத்தில்.

"அவர் மேல தப்பில்ல சார்," என்றார் ஜாக்கி. "எனக்குத்தான் வயசாயிடுச்சு."

இத்தனை காலம் அவர் வாயில் வராத வார்த்தை அது.

மேலாளர் இருவரையும் இடம் மாறச் சொன்னார். சுவரோரமாக ஒதுங்கி இறங்கிய மாப்பிள்ளை மாமனாரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜாக்கி மேலே போய் விளிம்பைப் பிடித்தார். பாழாய்ப்போன பீரோ, எவ்வளவு லேசாக இருந்தது!

"பயப்படாதீங்க மாப்ளே," என்றார். "நான் இடுப்புக்கு மேல தூக்க மாட்டேன்."