படத்தில் இருந்த கை

அக்காவின் ஓவியக் கண்காட்சிக்கு வந்ததே தப்போ என்று தங்கைக்குத் தோன்றியது, கூடத்தின் கடைசிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான். ஆளுயரப் படம். முகம் தெரியாத ஒரு பெண், பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் குனிந்திருந்தாள். மேற்கையில் நாலு விரலும் கட்டைவிரலும் அழுந்திக் கன்றிய நீலத் தடம்.

 தங்கையின் முழுக்கைச் சட்டைக்குள் அதே இடம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

பெண்களின் உடம்பையும் அடுப்படியையும் வரைந்தே பேர் வாங்கியவள் அக்கா. பத்திரிகைக்காரர்கள் அவளை மொய்த்திருந்தார்கள். "இது யாரோட கதை?" என்று ஒருவர் கேட்க, "எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தியோடது" என்றாள்.

கூட வந்திருந்த கணவன் தங்கையின் காதருகே குனிந்தான். சிரித்த முகம் மாறவில்லை. "உங்க அக்காகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

"சத்தியமா ஒண்ணும் சொல்லலைங்க."

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

அவள் சொல்லவில்லைதான். பின்னே அக்காவுக்கு எப்படித் தெரியும்? போன மாதம் வந்திருந்தபோது கதவிடுக்கில் பார்த்தாளா? பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கொடுத்தாளா? யோசிக்க யோசிக்கப் பயம் போய்க் கோபம் வந்தது. பேர் வாங்க இவளுக்கு என் உடம்புதான் கிடைத்ததா?

படச்சட்டங்கள் அடுக்கியிருந்த பின்னறைக்கு அக்கா தண்ணீர் குடிக்கப் போனாள். தங்கை பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாக்கா? என் கையை வரைஞ்சு ஊருக்கே காட்டுறியே!"

அக்கா விழித்தாள். "உன் கையா? அது என் கைடி. அன்னைக்கே எடுத்து வச்ச போட்டோவைப் பார்த்து வரைஞ்சேன். உங்க அத்தான் பண்ணின வேலை. திமிர் பிடிச்சுப்போய் அவரை விட்டுட்டு வந்துட்டேன்னு எல்லாரும் பேசினீங்களே, அப்போ."

 அக்காவின் பார்வை மெல்ல அந்த முழுக்கைச் சட்டைக்கு வந்தது.

"ஏன்டி, அது உன் கைன்னு எப்படி நினைச்ச?"

தங்கை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அக்கா கைப்பொத்தானைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினாள். பார்த்தாள். மறுபடி இறக்கிவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. "கிளம்பலாமா? நேரமாகுது." கணவனின் குரலில் தேன் வழிந்தது.

"நீங்க போங்க மாப்பிள்ளை. அவ என்கூட இருக்கட்டும்."

"அதை அவ சொல்லட்டும்."

"நான் வரலை" என்றாள் தங்கை. அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்.

செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. வாசலில் கார் கிளம்பியது காதில் விழுந்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நிஜமாகவே போய்விட்டானா என்று அக்காவை வாசல்வரை போய்ப் பார்த்துவரச் சொன்னாள்.