எட்டு மழைக்கோட்டுகள்

மேலாளர் ஓடையின் நடுவில் நின்றுவிட்டார். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். குழுவுக்கு வழிகாட்டி வந்தவள் பிடித்துக்கொள்ளக் கயிறும் கட்டியிருந்தாள். ஆனாலும் மனிதர் இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டு, முன்னாலும் வர மாட்டேன் பின்னாலும் போக மாட்டேன் என்று நின்றார். மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது.

"தண்ணியப் பாக்காதீங்க சார். என்னப் பாருங்க."

"பாத்துட்டுதாம்மா இருக்கேன். நீங்களே பயந்த மாதிரி இருக்கீங்க."

அது பயமில்லை, எரிச்சல். காலையிலிருந்து இந்த எட்டுப் பேரும் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு காப்பீட்டு அலுவலகத்து ஊழியர்கள். ஒற்றுமையாகப் பழகட்டும் என்று தலைமையகம் இரண்டு நாள் மலைநடைக்கு அனுப்பியிருந்தது. வரவேற்பு மேசைப் பெண் போனை வானத்துக்குக் காட்டியபடியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பார், முந்திப் போனால் தோற்றுவிட்டதாக ஆகிவிடுமாம். தடித்த ஒருவர் கால்மணிக்கொரு தரம், "இன்னும் எவ்ளோ தூரம் மேடம்?" என்றார். கோப்பு அறையைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கடைசியில் வந்தார். எல்லோரும் இவரைப் போல இருந்துவிட்டால் இந்த வேலை எவ்வளவு சுகம் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வேலை இன்னும் அவளுடையதாக ஆகவில்லை. இந்த இரண்டு நாளும் அவளுக்குத் தேர்வு. எட்டுப் பேரையும் ஒழுங்காக மேலே கூட்டிப்போய் ஒழுங்காகக் கீழே கொண்டுவந்துவிட்டால், திங்கட்கிழமை மலைநடை மையத்தில் குழுத்தலைவியாகச் சேரலாம். இல்லாவிட்டால் பையின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற விண்ணப்பத்தில் அதே திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். முனைவர் பட்டத்துக்கு இன்னும் இரண்டு வருட நீட்டிப்பு.

ஐந்து வருடமாக அவள் செய்வது எண்ணுவது. மண்ணில் இருக்கும் பூஞ்சை வித்துகளை நுண்ணோக்கியில் வைத்து, கட்டத்துக்குக் கட்டம் எண்ணுவது. மண் எடுப்பதற்காக இளநிலை மாணவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனதுதான் வினையாகிவிட்டது. முதல் வருடம் மண்ணுக்காகக் காட்டுக்குப் போனாள். மூன்றாம் வருடம் காட்டுக்குப் போவதற்காக மண் தீர்ந்துவிட்டதென்று பொய் சொன்னாள். பயந்துகொண்டே வந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இறங்குவதைப் பார்ப்பதில் இருந்த நிறைவு அந்தக் கட்டங்களில் ஒருநாளும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "அஞ்சு வருஷம் பூஞ்சையப் பாத்த. இப்ப ஆள் மேய்க்கக் கிளம்பிட்டியா?" என்றாள். ஆய்வு நெறியாளரிடம் இன்னும் சொல்லவேயில்லை.

ஒருவழியாக மேலாளரைக் கைத்தாங்கலாக அக்கரையில் கொண்டு சேர்த்தாள். அவர் பாறையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் மற்றவர்களும் கயிற்றைப் பிடித்துக் கடந்து வந்தார்கள். மையத்தில் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டு எல்லோர் மேலும். கோட்டோடு சேர்ந்த தலைமூடியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்கள். அவள் விரலை நீட்டி மஞ்சள் தலைகளை எண்ணினாள்.

"எட்டு. சரி, போலாம்."

எதிர்க்கரை மரத்தைச் சுற்றி இரட்டையாகப் போட்டிருந்த கயிற்றை இந்தப் பக்கமிருந்தே உருவிச் சுருட்டிக்கொண்டாள்.

அரைமணி நேரம் ஏறியபின், ஒரு பாறைக் கூரையின் கீழ் ரொட்டிப் பொட்டலங்களைக் கொடுத்தாள். காலையில் எண்ணி வைத்தவை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகும் பையில் ஒன்று மிஞ்சியது. தன்னுடையதைத் தனியாக வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஓரமாக ஒரு மஞ்சள் கோட்டு, சொந்த டப்பாவைத் திறந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. தலைமூடியை விலக்கியதும் தெரிந்தது, அவளை மதிப்பிட மையம் அனுப்பியிருந்த தேர்வாளன்.

அவளைவிட மூன்று வயது சின்னவன். காலையில், "என்ன ஆளாவே நெனைக்காதீங்க. நான் இங்க இல்ல," என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டோடு இருபதடி பின்னால் வந்தவன். ஓடையில் மட்டும் கூட்டத்தோடு கடந்துவந்து கூட்டத்தோடு நின்றிருக்கிறான்.

மற்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோப்பு அறைக்காரரைக் காணோம்.

"எல்லாரும் எழுந்திரிங்க. கீழ போறோம்."

"இப்பதானேம்மா ஏறினோம்?" என்றார் மேலாளர்.

"ஒருத்தர விட்டுட்டு வந்துட்டேன் சார்."

குழுவைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஏழு பேரும், பாதி ரொட்டியும், ஏழு விதமான முணுமுணுப்புமாக இறங்க வேண்டியிருந்தது. தடித்தவர் இப்போது, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்கவில்லை. அதுவே அவளை அதிகம் பயமுறுத்தியது. வழியில் தேர்வாளன் முதல்முறையாகப் பக்கத்தில் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நான் அங்க நின்னுருக்கக் கூடாது. நீங்க எட்டுன்னதும் 'எண்ணிக்கை சரி'ன்னு எழுதிட்டேன். நான் ஒரு தடவகூட எண்ணிப் பாக்கல." குறிப்பேட்டைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டான். "அவருக்கு ஒண்ணும் ஆகலன்னா, நோட்டுல எழுதினது அப்படியே இருக்கட்டுமே. ரெண்டு பேருக்கும் நல்லது."

அவள் இன்னும் வேகமாக இறங்கினாள். ஐந்து வருடம் எண்ணிப் பழகிய கை எட்டு வரை எண்ணத் தெரியாமல் போன எரிச்சலில் வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியாது. மாட்டேன் என்று சொல்ல நாக்கு உடனே எழவில்லை என்பது வேறு அவளை வாட்டியது.

எதிர்க்கரையில், மரத்தடியில், ஒரு மஞ்சள் கோட்டு உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் வலது கையை மெல்லத் தூக்கினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மழை இருந்தது நல்லதாகப் போயிற்று. கயிற்றின் ஒரு முனையை இந்தக் கரை மரத்தில் கட்டிவிட்டு, மறு முனையோடு ஓடையில் இறங்கிப் போனாள்.

"கூப்பிட்டிருக்கக் கூடாதா சார்?"

"கை தூக்கினேன் மேடம். பாற பக்கம் ஒதுங்கிட்டு வந்து பாத்தா எல்லாரும் அந்தப் பக்கம். நீங்க எண்ணிட்டு இருந்தீங்க, நடுவுல கூப்பிட வேணாமேன்னு இருந்தேன். வழி தப்பிப் போனா இருந்த எடத்துலயே உக்காரணும்னு காலைல சொன்னீங்கல்ல?" என்றார். கோபமே இல்லாத குரல். "எட்டுன்னு சத்தமா சொன்னீங்க. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு, நான் வந்தேனா இல்லையான்னு."

அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அலுவலகமே கரையில் நின்று பார்த்தது. பேச்சுவார்த்தை இல்லாத இருவரும் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்து அவரை மேலே இழுத்தார்கள்.

தேர்வாளன் குறிப்பேட்டின் மேல் குனிந்து, நனையாமல் கையால் மறைத்துக்கொண்டு, பென்சிலோடு அவளைப் பார்த்தான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட இருந்த கட்டம் அவள் கண்முன் வந்து போனது.

"நடந்தத எழுதுங்க," என்றாள். "ரெண்டு பேர் பண்ணதையும். எழுதிட்டு அந்த மரத்துகிட்டப் போய்த் தள்ளி நில்லுங்க. எல்லாரும் தலையில இருக்கறத எடுங்க."

"நனையுமேம்மா," என்றார் மேலாளர்.

"நனையட்டும் சார்."

எட்டுத் தலைகள் வெளியே வந்தன. அவள் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். கடைசியாகக் கோப்பு அறைக்காரர் தோளில் கை வைத்ததும் எண்ணிக்கை நின்றது. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரே மெதுவாக, "எட்டு," என்றார். மழை அவர் வழுக்கையில் விழுந்து இரண்டு காதோரமும் வழிந்துகொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.