சாவி பிறந்த நேரம்

...ஆம் என்பதற்கு ஒய் அடித்தால் ஆச்சு, ஒரே ஓர் எழுத்து, ஆயிரம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அடித்த எழுத்து, இன்றைக்கு மட்டும் விரல் ஏன் இப்படிச் சண்டித்தனம் பண்ணுகிறது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இந்தச் சாவியை நம்புகிறாயா என்று கேட்டுவிட்டுத் திரை சும்மா நிற்கிறது, கேள்விக்கு மேலே சாவிக்குச் சொந்தக்காரன் பெயர், அவளுடைய அண்ணன் பெயர், எட்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போனவன் பெயர். ஆஸ்பத்திரியின் நிலவறையில் இந்த சர்வர் அறை, தலைக்கு மேலே ஏசி கரகரக்கிறது, சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை, ஒரு மணிக்குள் புது சர்வர் ஓடியாக வேண்டும், பழையது நேற்று மூச்சை நிறுத்திவிட்டது... சே, என்ன வார்த்தை, பழுதாகிவிட்டது என்று சொன்னால் என்ன, நாக்குக்கு வேறு சொல்லே கிடைக்காதா? மேலே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொருவர் முடிவையும் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், லேப் அக்கா இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. “என்னம்மா, ஆச்சா? எழுதி எழுதி எங்களுக்கு விரல் ஒடிஞ்சு போச்சு.” “ஆயிடும்க்கா, பத்தே நிமிஷம்.” அதற்கு முந்தைய தடவையும் பத்தே நிமிஷம் என்றுதான் சொன்னாள்.

பத்து நிமிஷ வேலைதான், பொய்யில்லை. சர்வரின் இயங்குதளத்துக்கு என்று சொந்தமாக ஒரு களஞ்சியம் உண்டு, வேண்டிய மென்பொருளெல்லாம் அதிலிருந்து தானாக இறங்கும், அதில் இல்லாததற்கு வெளியார் களஞ்சியம், அதன் முகவரியை ஒரு கோப்பில் எழுதி, அதை நடத்துகிறவரின் சாவியை, நிரல் அவருடையதுதான் என்று காட்டும் மின்முத்திரையை, ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது. ரத்தம் பார்க்கும் இயந்திரம் சொல்வதை சர்வருக்குப் புரியவைக்கும் நிரல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும், அண்ணன் எழுதியது, அண்ணனின் களஞ்சியம், அவன் போன பிறகும் நண்பர்கள் அதை இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். கோப்புக்குத் தலைப்பு ‘வெளியார்’ என்று இவள்தான் அடித்தாள். வெளியாராம், ஒரே வயிற்றில் பிறந்தவன் வெளியாராம். சாவியோடு நாற்பது எழுத்துள்ள ஒரு வரி வரும், கைரேகை என்பார்கள், அது அசல் ஆளுடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒய் அடிக்க வேண்டும், யார் பார்க்கிறார்கள், ஒருத்தரும் பார்ப்பதில்லை, ஆனால் அண்ணன் விடமாட்டான், போனில் அவன் ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பான், இவள் திரையில் சரிபார்க்க வேண்டும். பாதியிலேயே இவளுக்குக் கொட்டாவி வந்துவிடும், சரிண்ணா, எல்லாம் சரியா இருக்கு என்று பார்க்காமலே சொல்லுவாள். “அடி அவசரக்குடுக்கை, நடுவுல வேணும்னே ஓர் எழுத்தை மாத்திப் படிச்சேன், அதுக்கும் சரின்னுட்டே!” அப்படி ஒரு சிரிப்பு, காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். சாவிக்கு ஆயுசு ஒரு வருஷம்தான் வைப்பான், வருஷா வருஷம் புதுச் சாவி, வருஷா வருஷம் இந்தப் பாராயணம். எதுக்குண்ணா இந்தத் தொல்லை, பத்து வருஷம் போட்டுத் தொலையேன் என்று ஒரு தடவை கேட்டாள். “போட்டா நீ பத்து வருஷம் கழிச்சுதான் போன் எடுப்பே.” அதை அவன் சிரிக்காமல் சொன்னான், இவள்தான் சிரித்தாள்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று முப்பத்தொன்று, அந்த நேரம் அவளுக்கு மறக்காது, எடுக்காத அழைப்பு என்று போனில் இன்னும் சிவப்பாக இருக்கிறது. அவன் பெயரைப் பார்த்ததும் என்ன நினைத்தாள்? ஆரம்பிச்சுட்டான் சாவிப் புராணத்தை என்றுதான். போனைக் கவிழ்த்து வைத்தாள். தலைபோகிற வேலையா? ஒரு மண்ணும் இல்லை, காண்டீனில் தேநீர், யாரோ யாரைப் பற்றியோ சொன்ன வம்பு, அதுகூட இப்போது ஞாபகமில்லை. ராத்திரி கூப்பிட்டுக்கலாம் என்று நினைத்தாள், ராத்திரி மறந்துபோனாள். மறுநாள் காலையில் அவன் குடியிருந்த வீட்டுக்காரர் கதவை உடைத்தார். மாரடைப்பு. வலி மத்தியானமே ஆரம்பிச்சிருக்கும் என்று டாக்டர் சொன்னார், ஏதோ மழை வரும்போலிருக்கு என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார், அந்த ஒரு வாக்கியம் எட்டு மாதமாக அவளோடு படுத்து அவளோடு எழுந்திருக்கிறது. துக்கத்துக்கு வந்த அண்ணனின் நண்பன்தான் காப்பாற்றினான். “பாவம், அன்னைக்குக்கூட உக்காந்து புதுச் சாவி போட்டிருக்கான்.” கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் சாவிக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான், வலியென்று கூப்பிடவில்லை, வழக்கமான அந்த நாற்பது எழுத்து, அவ்வளவுதான். “கடைசியா உன்கிட்டயாவது பேசினானாடி” என்று அம்மா கேட்டபோது, “பேசினான்மா, சாவி விஷயமா” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. “சாப்பிட்டியான்னு கேட்டியா?” “கேட்டேன்மா.” அம்மா இன்னும் அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இவள் பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்குப் படிக்க ஆளில்லை. கைரேகையைத் தானே வாய்க்குள் முணுமுணுத்தாள், எதோடு ஒப்பிடுவது, நான்காவது எழுத்திலேயே நிறுத்திவிட்டாள். சரி, சாவியின் விவரத்தையாவது பார்ப்போம் என்று, இல்லை என்பதற்கான ‘என்’ எழுத்தை அடித்துக் கேள்வியிலிருந்து வெளியே வந்து, சாவிக் கோப்பை இறக்கித் திறந்தாள். உருவான நாள், அதே நாள். உருவான நேரம், காலை பத்து இருபது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காலையில் சாவி போட்டிருக்கிறான், மத்தியானம் படித்துக்காட்டக் கூப்பிட்டிருக்கிறான், அப்பாடா, அண்ணா, அப்பாடா, நான் அம்மாவிடம் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி நிஜம்... அடுத்த வரியில் காலாவதி என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. இல்லையா? ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்காதவன், மறந்துவிட்டானோ, சலித்துவிட்டதோ, சரி, நல்லதுதான், இனி மாற்றுகிற தொல்லை இல்லை. கேள்விக்குத் திரும்பினாள், விரல் ஒய் மேல் இருந்தது, கண் சும்மா இருக்காமல் திரையின் ஓரத்துக்குப் போனது. இப்போதைய நேரம், காலை ஆறு பத்து. ஆறு பத்தா? ஆறு பத்துக்கு வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேனே... சுவரைப் பார்த்தாள், பதினொன்று நாற்பது. இன்று காலையில்தான் நிறுவிய சர்வர், உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஊர் நேரத்துக்கு மாற்றுவதுதான் முதல் வேலை, கற்றுக்குட்டிகூட மறக்காத வேலை, லேப் அக்கா அவசரப்படுத்தியதில் இவள் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஐந்தரை மணி நேரம் பின்னால். சாவியின் நேரமும் அதே கணக்குத்தான். பத்து இருபதோடு ஐந்தரை... வேண்டாம், கூட்டாதே, கூட்டாதே என்று சொல்லிக்கொண்டே கூட்டினாள். மூன்று ஐம்பது.

மூன்று முப்பத்தொன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறான், மணி அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது, பத்தொன்பது நிமிஷம் எங்கே இருந்தான், கட்டிலிலா, தரையிலா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டா, அல்லது ஒன்றுமில்லாமல் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டா, பிறகு எழுந்துபோய் உட்கார்ந்து யாரையும் கூப்பிடத் தேவையில்லாத ஒரு சாவியைச் செய்திருக்கிறான், கோபமா அண்ணா, இல்லை, உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதா? ஏசி ஒரு முறை நின்று மறுபடி கரகரத்தது. திரை இன்னும் நம்புகிறாயா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது, மாடியில் எழுதிக்கொண்டிருப்பவர்களை நினைத்துக்கொண்டு ஒய் அடித்தாள், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது, நிரல் இறங்கத் தொடங்கியது, நூற்றுக்கு எட்டு, நூற்றுக்குப் பதினைந்து... கூப்பிட்டபோது அவனிடம் படித்துக்காட்ட எதுவுமே இருந்திருக்கவில்லை.