மரவாளை யார் எடுப்பது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லத் தைரியம் வராது. இந்தக் கதை என் கைபேசியில் பிறந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடும் ஒரு வீடியோ. எடுத்தவன் நான். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். பன்னிரண்டு நாள் கழித்து அதை இணையத்தில் ஏற்றியவனும் நானேதான். அதனால் ஜப்பானில் ஒரு பட்டியலிலிருந்து ஒருவருடைய பெயரை அடித்துவிட்டார்கள். அவருடைய அக்காவின் ஒன்பது வருட உழைப்பு ஒரு கையெழுத்தில் வந்து நின்றது.

இந்தப் பத்தியை எழுத எனக்கு ஏழு நாள் பிடித்தது. அதற்கு முன்னால் எழுதி அடித்துப்போட்ட வாக்கியங்கள் இவை:

‘அந்தமான் கடலின் மேல் சூரியன் மெல்ல எழுந்து’ (சூரியன் எங்கே வந்தது? புரோத்ராபூரில் அன்று அடைமழை.)

‘பல நூறு வருடங்களுக்கு முன் ஜப்பானில் ஒரு வீரன், தன் கையில்’ (அவரை எனக்குத் தெரியுமா? தெரிந்த மாதிரி அளந்தால் அகிலா அக்கா என்னை உதைப்பார்.)

‘யாரோ ஒருவர் எடுத்த வீடியோ ஒன்று’ (யாரோ ஒருவராம்! வெட்கமாக இல்லையா மூர்த்தி?)

மூர்த்தி என்பது நான். கிருஷ்ணமூர்த்தி. அரசு அலுவலகத்தில் எழுத்தர், வெளியே எழுத்தாளர். என் கதைகளை இதுவரை படித்தவர்கள் மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள், அதில் எட்டுப் பேர் சொந்தக்காரர்கள்.

2

அகிலா அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. ஹேவ்லாக் போகிறவர்களும் லாங் ஐலண்ட் போகிறவர்களும் அவருடைய குரலுக்குப் பயந்து வரிசையில் நேராக நிற்பார்கள். அவருடைய தம்பி சிவபிரகாஷ், நாற்பத்தொன்று. ஜப்பானில் ஒரு இந்திய ஓட்டலில் பத்து வருடம் சமையல்காரராக இருந்தவர். அங்கே ஓட்டலுக்குப் பின் தெருவில் இருந்த ஒரு கூடத்தில் கம்பும் மரவாளும் பழகினார். அந்தப் பரம்பரைக்கு மினாசே ரியூ என்று பெயர். ஊர் திரும்பி, ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் தலைமைச் சமையல்காரரானார். போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் சும்மா கிடந்த ஒரு கொப்பரைக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக் கூடமாக்கினார். முதல் மாணவி அக்காதான். அக்கம்பக்கத்தார் இதை ‘ஜப்பான் சிலம்பம்’ என்பார்கள். அப்படிச் சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும், அக்காவுக்குச் சிரிப்பு வரும்.

இங்கே மூன்று படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள். முதல் தாள் வெறும் மடித்த காகிதம்தான். இரண்டாவதில் நீங்கள் கற்ற அடவுகளின் பட்டியல் இருக்கும். மூன்றாவது ஒரு சுருள். முதல் ஆசானிலிருந்து உங்களுக்குக் கற்பித்தவர் வரை எல்லாப் பெயரும் அதில் வரிசையாக வரும், கடைசியில் உங்கள் பெயர். அது கையில் இருந்தால்தான் நீங்கள் இன்னொருவருக்குக் கற்பிக்கலாம். சிவபிரகாஷிடம் அது இருக்கிறது. அக்காவிடம் இரண்டு தாள் இருக்கிறது. என்னிடம் ஒன்றுமில்லை, நாலு வருடமாக.

கூடத்துச் சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் ஆணிகள், ஆணிகளில் படாக் மரத்தில் செய்த பெயர்ச் சில்லுகள், படி வாரியாக. முதல் ஆணி சிவபிரகாஷ், இரண்டாவது அகிலா, அப்புறம் புரோத்ராபூர்ப் பெண்கள் பதினோரு பேர், கடைசி ஆணி நான். உப்புக் காற்றில் என் ஆணிதான் ரொம்பத் துரு.

(இதையெல்லாம் கட்டுரை மாதிரி அடுக்குகிறேன் என்று தெரிகிறது. பொறுங்கள், இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அவை இல்லாமல் கதை புரியாது.)

ஒன்று: கூடத்துக்குள் சொந்தம் கிடையாது. முன்னால் சேர்ந்தவர்தான் மூத்தவர். அதனால் உள்ளே தம்பியை அக்கா ‘சென்பாய்’ என்பார், அதாவது மூத்தவரே. தம்பி அக்காவை ‘அகிலா’ என்பார். முதல் நாள் இதைக் கேட்ட அவர்களுடைய அம்மா பேச்சியம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். “அக்காளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவியாடா? எடு வெளக்கமாத்த!”

இரண்டு: எல்லா அடவும் இருவர் செய்வது. ஒருவர் கையில் மரவாள், ஒருவர் கையில் கம்பு. ஒவ்வொரு முறையும் வாள்தான் தோற்கும். வாளை எடுப்பது எப்போதும் மூத்தவர். இளையவர் கற்பதற்காக மூத்தவர் தோற்றுக் கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே முறை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் சிவபிரகாஷ் தன் அக்காவிடம் தோற்றிருக்கிறார்.

3

வீடியோ.

‘அந்த மாலை ஹேவ்லாக்கில் தென்னைகளுக்கு நடுவே’ (தென்னையை விடுடா. விஷயத்துக்கு வா.)

ரிசார்ட் மேனேஜருடைய மகளுக்குப் பிறந்தநாள். கம்பு விளையாட்டைக் காட்டச் சொல்லி மேனேஜர் கேட்டார். விருந்தில் அடவு காட்டக் கூடாது என்பது இந்தப் பரம்பரையின் விதி. ஆனால் சிவபிரகாஷ் புரோத்ராபூர் வருவதற்கென்று வாராவாரம் லீவு கொடுத்தவர் அந்த மேனேஜர்தான். முகத்துக்கு நேரே எப்படி முடியாது என்பது? அக்கா முதலில் மறுத்தார், அப்புறம் தம்பியின் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார். நான் கூடப் போனேன். கைபேசியைத் தூக்கினேன்.

“மூர்த்தி, மத்லப், அதாவது, இது உனக்கு மட்டும்தான, என்ன?” என்றார் சிவபிரகாஷ்.

“சத்தியமாண்ணே.”

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகை என் கதையைத் திருப்பி அனுப்பியது. அன்றைக்கு ஏற்றினேன். காரணம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஆழமாக ஒன்றுமில்லை. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ‘அக்கா மாஸ், தம்பி வேஸ்ட்’ என்று ஒருவர் எழுதினார். ‘பொம்பளகிட்ட இத்தனை அடியா?’ என்று ஒருவர். தோற்பவர்தான் மூத்தவர் என்று நான் பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

4

ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு பக்கம். விருந்தில் அடவு காட்டியதற்கு மூத்தவரே பொறுப்பு என்பதால் சிவபிரகாஷின் பெயர் நீக்கப்பட்டது. அகிலாவின் மூன்றாம் தாள் தயார். (மார்ச்சில் பெங்களூரில் இதே பரம்பரை ஆசான் ஒருவர் அவரைச் சோதித்துத் தேர்வு செய்திருந்தார்.) ஆனால் சுருளில் அவர் பெயருக்கு மேல் தம்பி பெயர் வராது, பெங்களூர் ஆசானின் பெயர் வரும். அதற்கு அகிலா பதினைந்தாம் தேதிக்குள் ஒரு வரியின் கீழ் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அந்த வரியின் பொருள் இது: ‘சிவபிரகாஷ் என்பவரிடம் நான் பெற்றது எதுவும் இல்லை.’

கையெழுத்திட்டால் கூடம் அக்காவுக்கு. தம்பி விரும்பினால் புதியவராகச் சேரலாம், கடைசி ஆணியில். எனக்கும் கீழே! நான் அவருக்கு மூத்தவனாகிவிடுவேன்.

கையெழுத்திடாவிட்டால் அக்காவின் சில்லும் இறங்கும், பதினோரு பெண்களுடையதும் இறங்கும். கூடத்துக்குப் பெயர் இருக்காது.

கடிதம் வந்த அன்று கவுண்டருக்குப் போய் நின்றேன். கடல் சரியில்லை, டிக்கெட்டுக்கு நாளைக்கு வா என்று ஒரு வங்காளியிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா. “கல் ஆவோ பாய், கல். சமுந்தர் கராப் ஹை.” அவர் போனதும் என்னைப் பார்த்தார்.

“பெயர் இல்லாமலே பழகினா என்னக்கா? யார் கேக்கப் போறா?” என்றேன்.

“உன் பேரை வெட்டிட்டு உன் கதையைப் போடவா? சம்மதமா?”

சில்லறையை எண்ணி மேசைக்குள் போட்டபடி அக்காவே தொடர்ந்தார்.

“அப்பா வச்ச வீடு அவனுக்குப் போச்சு. இந்த வேலை சர்க்காரோடது. புருசன் போய்ச் சேந்துட்டான். எனக்குன்னு நானா சம்பாரிச்சது அந்த ரெண்டு தாள்தான்டா. மூணாவது இதோ, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. அதுக்கு என் தம்பி ஒண்ணும் சொல்லித்தரலைன்னு எழுதணுமாம்.” கண்ணாடியைத் துடைத்தார். “போ, லைன் நிக்குது.”

5

(இந்த இடத்தில் எனக்கு அகிலா மேலேயே சந்தேகம் வந்தது. இவ்வளவு திடமாக ஒருவர் இருப்பாரா? அதனால் முந்தைய பிரதியில் அவரை அழ வைத்திருந்தேன்.)

அந்தப் பிரதியையும் மூன்று முடிவுகளையும் அச்செடுத்து அக்காவிடம் கொண்டுபோனேன். மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவில் எலுமிச்சைச் சாதம். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே படித்தார்.

“நான் எப்படா அழுதேன்?”

“கதைக்காகக்கா.”

“கதைக்கு வேணும்னா உங்க அம்மாவை அழ வை.”

முதல் முடிவு: அகிலா கையெழுத்திடுகிறார், தம்பியின் சில்லைத் தன் கையால் கழற்றிக் கடைசி ஆணியில் மாட்டுகிறார். “நல்லா இருக்கு. என்னை ராட்சசி ஆக்கிட்ட.”

இரண்டாவது முடிவு: கடிதத்தைக் கிழித்துக் கடலில் எறிகிறார். அக்காவுக்குப் புரையேறிவிட்டது. “கிழிச்சா என்ன? அது ஈமெயில்டா, பைத்தியம். அந்தப் பதினோரு பொம்பளைங்களுக்கு யார் பதில் சொல்றது? புஷ்பாவுக்கு அடுத்த மாசம் முதல் தாள். அவ அடுப்பு மேல ஒட்டிவைக்க இடம் பாத்து வச்சிருக்கா.”

மூன்றாவது முடிவு: எழுத்தாளன் ஜப்பானுக்குக் கடிதம் எழுதுகிறான், பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான், அவர்கள் மனமிரங்குகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு டப்பாவை மூடினார்.

“எழுதினியா?”

“எழுதினேன். நிஜமாவே. ரெண்டு வாட்டி.”

“பதில்?”

“வீடியோ எடுத்தவரைப் பற்றிய விசாரணை இல்லை, ஆடியவரைப் பற்றியதுன்னு எழுதியிருந்தாங்க.”

தாள்களை மடித்து என்னிடமே கொடுத்தார். “உனக்கு எல்லாத்தையும் ஊருக்குக் காட்டணும் மூர்த்தி. அதான் உன் வியாதி. கதை எழுது, வேணாங்கல. ஆனா ஞாயித்துக்கிழம என்ன நடந்தாலும் அதைக் காட்டாத. சத்தியம்லாம் வேண்டாம், உன் சத்தியத்தைப் பாத்தாச்சு.”

6

ஞாயிறு, பதினைந்தாம் தேதி. காலை ஆறரை. முந்தின நாள் கப்பல் ரத்தாகும் போலிருந்தது. கடைசிக் கப்பலைப் பிடித்து வந்துவிட்டார் சிவபிரகாஷ். தகரக் கூரையில் மழை. பெண்கள் யாரையும் அன்று வர வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். என்னை மட்டும் வரச் சொல்லியிருந்தார், ஏன் என்று தெரியவில்லை.

(அவர் முகத்தில் அப்போது) வேண்டாம்.

(வெளியே ஒரு பறவை) அதுவும் வேண்டாம்.

பலகையில் எல்லாச் சில்லுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. தரையில் நடுவில் மரவாள், பக்கத்தில் கம்பு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வணங்கினார்கள். நான் கதவோரம் நின்றேன். இனி நடக்க வேண்டியது எளிது. சிவபிரகாஷ் வாளை எடுத்தால் அவரே மூத்தவர், அக்கா கையெழுத்திடப் போவதில்லை. அக்கா எடுத்தால் அக்கா மூத்தவர், கையெழுத்து விழுந்துவிட்டது என்று பொருள்.

முதலில் நகர்ந்தவர் சிவபிரகாஷ். வாளுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். கம்பை எடுத்தார். நாலு வருடத்தில் இந்தக் கூடத்தில் அவர் கம்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

“கம்பைக் கீழ வைங்க, சென்பாய்” என்றார் அக்கா.

அவர் வைக்கவில்லை. கம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“வைங்கன்னு சொல்றேன்.”

“கையெழுத்தைப் போடுக்கா” என்றார் சிவபிரகாஷ். கூடத்துக்குள் அவர் வாயிலிருந்து ‘அக்கா’ என்ற சொல் அதுவரை விழுந்ததே இல்லை. “நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தோக்கறதுக்குத்தான. இதையும் தோக்க மாட்டனா? கடைசி ஆணின்னா என்ன, அதுவும் இதே செவுத்துலதான இருக்கு?”

“டேய்” என்றார் அக்கா. அந்தச் சொல்லும் உள்ளே விழுந்ததில்லை. “உங்கிட்ட நான் ஒண்ணும் கத்துக்கலைன்னு எழுதணும்டா. பொய்யி.”

“ஊருக்குத்தான பொய். உனக்குத் தெரியும்ல? போதும்.”

அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“போன் எங்க?”

“வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்க்கா.”

“சரி. வெளிய போய்க் கதவைச் சாத்து.”

போனேன். திரும்பும்போது அக்கா இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தார். அவர் வாளை எடுக்கவும் வரலாம், தம்பி கையிலிருக்கும் கம்பைப் பிடுங்கவும் வரலாம். இரண்டுக்கும் அதே இரண்டு எட்டுதான். கதவைச் சாத்தினேன்.

7

மழையில் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மரம் மரத்தோடு மோதும் சத்தம், ஒன்று, இரண்டு, தொடர்ந்து. யார் கையில் எது என்று அந்தச் சத்தத்திலிருந்து தெரியாது. நாலு வருடம் ஒழுங்காகப் பழகியிருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு போனேன், பலகையைப் பார்த்தேன். என் சில்லு இருக்கிறதா, இருந்தால் எந்த ஆணியில் என்று பார்த்தாலே போதுமே. பார்த்ததை ஒரு வாக்கியமாக எழுதினேன். நன்றாக வந்திருந்தது, நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல வாக்கியம். அடித்துவிட்டேன்.

உங்களுக்குக் கோபம் வரும். இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டுக் கதவைச் சாத்துகிறானே என்பீர்கள். திட்டுங்கள், எனக்கு வேண்டியதுதான். மரவாள் தரையில் கிடக்கிறது, அக்கா இரண்டு எட்டு வந்திருக்கிறார், தம்பி கம்பை விடவில்லை. யார் எடுத்தார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். முடிவு செய்ததை யாருக்கும் காட்டாதீர்கள். காட்ட மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுங்கள், நான் செய்தேனே, அந்த மாதிரிச் சத்தியம் வேண்டாம்.