லைல் போடாத மாத்திரை

என் புருஷன் லைல் இருபத்தெட்டு வருஷமாக விமானத்தில் பறந்து வயல்களுக்கு மருந்து தெளிக்கிறான். சோளக் கதிருக்குப் பத்தடி மேலே, மின்கம்பிக்கு அடியில் புகுந்து வெளியே வருவான். நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் பக்கத்து விவசாயிகள் அவனைச் சூரப்புலி என்பார்கள். அந்தச் சூரப்புலிக்கு டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் மட்டும் பயம்.

வருஷத்துக்கு ஒரு முறை உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் பறக்க முடியும். இந்த வருஷம் மே கடைசியோடு பழையது முடிகிறது. ஜூனில் தெளிப்பு தொடங்கும். சான்றிதழ் இல்லையென்றால் அந்தப் பருவமே போச்சு.

விமானத் திடலில் பழைய விமானிகளான ஐந்து கிழடுகள் காலை முழுக்க காபி குடிக்கும். டாக்டரிடம் எதையும் சொல்லாதே என்பதுதான் அவர்களின் வேதம். அதில் ஹார்லன் என்பவன் பெரிய மேதாவி. "பிரஷர் மாத்திரை போடுறதைச் சிறுநீர் காட்டிக் குடுத்துடும்டா. ஒரு வாரம் நிறுத்திட்டுப் போ" என்று லைலுக்குச் சொல்லியிருக்கிறான். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும்தான் பார்க்கிறார்கள். அதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த வீரர்களுக்கு வெட்கம்.

பரிசோதனைக்குப் போக வேண்டிய செவ்வாய்க்கிழமை காலை, நாளுக்கு ஒரு அறை வைத்த அவனுடைய ரத்த அழுத்த மாத்திரை டப்பாவை எடுத்தேன். போன புதன் அறை மட்டும் காலி. மற்ற ஆறு நாள் மாத்திரையும் அப்படியே கிடந்தது. டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நானே வண்டி ஓட்டினேன். அவன் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

சான்றிதழ் கொடுக்கும் டாக்டர் ஓடென் அரை மணி நேரம் கழித்து என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"மாவிஸ், இவனுக்கு ரத்த அழுத்தம் நூத்தி எண்பத்திரண்டு காட்டுது. மூணு தடவை பாத்துட்டேன். இவன் படிவத்துல மருந்து எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கான். உனக்கு ஏதாவது தெரியுமா?"

டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அது அவளோடது டாக்டர்" என்றான் லைல். கண்கூட இமைக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் இந்த ஆளோடு குடித்தனம் செய்திருக்கிறேன். அன்றுதான் எனக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

டாக்டர் அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்து என் கையில் கட்டி அழுத்தினார். நூற்றுப்பன்னிரண்டு.

"இந்த அழுத்தத்துக்கு மாத்திரையும் போட்டா இவ நடக்கும்போதே மயங்கி விழுந்துடுவா. யார்கிட்டடா கதை விடுற?"

லைல் தரையைப் பார்த்தான். "என்னோடதுதான். நிறுத்தி வெச்சிருந்தேன்."

"அட மடையா! இந்த மாத்திரைக்கு யாரும் தடை போடலையே. போடுறேன்னு எழுதிட்டு, அழுத்தம் கட்டுக்குள்ள இருந்தா, இந்த நாற்காலியிலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். எங்கிட்ட வர்ற விமானிங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் முழுங்குறாங்க."

லைல் நிமிர்ந்தான். ஒரு நொடியில் முகத்தில் வெளிச்சம். "அப்ப இன்னைக்கே சாப்பிட ஆரம்பிச்சுடுறேன். அடுத்த வாரம் வர்றேன். போன மாசம்தான் டாக்டர், ஆரம்பிச்சது."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லைலும் பார்த்தான். கெஞ்சினான், வாயைத் திறக்காமல். அவனுக்கு ஆகாயத்தை விட்டால் வேறு தொழில் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மருந்துக் கடையில் மாதாமாதம் அந்த மாத்திரையை வாங்கி வந்தவளும் நான்தான். படிவத்தில் ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று எழுதியது மட்டும் எனக்குத் தெரியாது.

"ஏழு வருஷம்" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "மாத்திரைக்கு நான் கையெழுத்துப் போடுவேன் லைல். ஏழு பொய்க்குப் போட என்னால முடியாது. மேல அனுப்பியே ஆகணும். அந்தப் படிவத்துல பொய்க்கு என்ன தண்டனைன்னு நீ கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலயே இருக்கு. படிச்சியா?"

படிக்கவில்லை. ஏழு தடவையும் படிக்கவில்லை.

ஜூலையில் எங்கள் ஊர் வயல்களுக்கு பக்கத்து மாநிலம் அயோவாவிலிருந்து வந்த ஒருவன் மருந்து தெளித்தான். லைலின் லைசென்ஸ் பறிபோய்விட்டது. இப்போது அவனும் கிழடுகளோடு உட்கார்ந்து காபி குடிக்கிறான். போன வாரம் அவனைக் கூட்டிவரத் திடலுக்குப் போனேன். புதிதாக மாத்திரை ஆரம்பித்த ஒரு விமானி, டாக்டரிடம் சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வருஷ அனுபவசாலி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ" என்றான் லைல். "பொண்டாட்டியை மட்டும் கூட்டிட்டுப் போயிடாத."