நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

எங்கள் கம்பெனி, ஒரு பெரிய விமானக் கம்பெனி பெற்ற பிள்ளை. விமானங்களை அவர்கள் பறக்கவிடுவார்கள், நாங்கள் பிரித்துப் பழுது பார்த்துக் கொடுப்போம். ஆண்டு விழாவில் "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கே, "விமானம் ஏன் இன்னும் வெளியே வரவில்லை?" என்று காது கிழியும்படி போன் செய்வார்கள். பெற்றவர்கள் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது?

அங்கே டூல் ஸ்டோர் என் பொறுப்பு. விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கர் கொட்டகையின் மூலையில் கம்பி வலை அடித்த அறை. சுவர் முழுக்க மஞ்சள் பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் கறுப்பாக வரைந்து, அதன்மேல் அந்தக் கருவியை மாட்டியிருப்போம். எடுத்துப் போகிறவர் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை அந்த இடத்தில் தொங்கவிட வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு கறுப்பு உருவம் காலியாகத் தெரிந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் போடாவிட்டால் விமானம் நகராது. இன்ஜினுக்குள் மறந்து வைத்த ஒரு ஸ்பேனர் நடுவானில் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. நீளக் கைப்பிடி வைத்த சின்ன வட்டக் கண்ணாடி, கண் எட்டாத சந்துகளைப் பார்ப்பதற்கானது. அங்கே தொங்கிய டோக்கன் நாற்பத்தேழு. என் புருஷனுடையது.

இந்த மனிதர் வீட்டில் பெரிய மறதிக்காரர். பால் வாங்கப் போய் வெறுங்கையோடு வந்து, "எதுக்குப் போனேன்?" என்று என்னையே கேட்பார். வேலையில் மட்டும் நேர்மாறு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஸ்க்ரூகூட அவர் கையில் தவறியதில்லை.

"டூல் பாக்ஸ்லதான் வச்சேன். டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா காணோம்" என்றார். முகம் வெளுத்திருந்தது.

மேலாளர் வந்தார். கையில் மைக் கிடைத்தால் லேசில் தரமாட்டார் என்பதால் எங்களுக்குள் அவர் பெயரே மைக்.

"கண்ணாடிதானே போச்சு? புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டுக் கையெழுத்தப் போடுங்க. ஆறு மணிக்கு விமானக் கம்பெனி சேர்மன் இந்த விமானத்துலதான் போறார்."

"அது உள்ள கிடந்தா, சார்?"

"உள்ள இல்ல."

"எப்படித் தெரியும்?"

"அனுபவம் இருக்கும்மா எனக்கு."

இருந்தது. இருபத்தாறு வருஷம் ஏசி அறையில் நாற்காலியைத் தேய்த்த அனுபவம்.

நான் முடியாது என்றேன். மைக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப டோக்கன் யாரோடது? உங்க வீட்டுக்காரரோடது. தொலைச்சவரை நான் சஸ்பெண்ட் பண்ண வேண்டி வரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வலைக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்தேன். போட வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பேனாவை மூடி வைத்தேன். நாலு மணிக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சேர்மன் வேறு விமானத்தில் போனார். கண்ணாடியைத் தேட, விமானத்தின் உடம்பில் அப்போதுதான் மூடி முடித்திருந்த அறுபத்து நாலு பேனல் தகடுகளையும் மறுபடி கழற்ற ஆரம்பித்தார்கள்.

வீட்டில் என் மாமியார் காத்திருந்தார்.

"அவளவ புருஷனுக்குப் பிரமோஷன் வரணும்னு வேண்டிக்கறா. இங்க ஒருத்தி புருஷனையே மாட்டிவிட்டுட்டு கைப்பைய ஆட்டிக்கிட்டு வந்து நிக்கிறா."

"அத்தை, அது விமானம். நூத்தி எண்பது பேர் ஏறுறது."

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு அலட்டலா? இவன் மார்க் அட்டையில இவங்கப்பா கையெழுத்த நானே எத்தனை தடவை போட்டிருக்கேன் தெரியுமா? அதனால என்ன, குடியா முழுகிப் போச்சு?"

இந்த ரகசியம் எனக்குப் புதிது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் புருஷன் சாப்பாட்டு மேஜை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். இடது கையில் டார்ச், வலது கையில் கண்ணாடி என்று வெறுங்கையால் காற்றில் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் கை நின்றது. சாயங்காலம் என்னைப் பார்த்து, "ஒருவேளை உள்ளயே வச்சிட்டேனோ?" என்றார்.

"இல்லைங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வேலை போனால் போகட்டும், இன்னொன்று தேடிக்கொள்ளலாம். தன் கையையே இந்த மனிதர் சந்தேகப்பட ஆரம்பித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலைக்குள் அறுபத்து நாலு பேனல்களும் திறந்தாகிவிட்டன. அகப்பட்டது ஒரு பழைய சாக்லேட் தாள். பதினோரு மணிக்குப் பாதுகாப்பு வாரத்துக்கான பேனர் வந்தது. பன்னிரண்டு அடி நீளம். அதில் புத்தம்புது ஹெல்மெட்டோடு மைக் இன்ஜின் பக்கம் குனிந்து, ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நீளக் கைப்பிடிக் கண்ணாடியில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்தது அவர் மூக்கு. கீழே கொட்டை எழுத்தில், "ஒரு சின்னக் கருவியும் தவறக் கூடாது." கைப்பிடியில் பொறித்த எங்கள் ஸ்டோர் நம்பர் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகியிருந்தது.

ஏணியில் நின்று பேனர் கட்டியவர்தான் அந்த நம்பரை முதலில் வாய்விட்டுப் படித்தார். ஹேங்கரே திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். நான் நேராக மைக்கின் டிரைவரிடம் போனேன்.

"அந்தக் கண்ணாடியா? சார் கார்லதான் கிடக்கு. பின்மண்டையில முடி எவ்வளவு கொட்டியிருக்குன்னு ரெண்டு நாளா அதுலதான் பார்த்துக்கிறார்."

கொஞ்ச நேரத்தில் மைக்கே என் ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"டீ நேரத்துல போட்டோ எடுக்க வந்தாங்க. ஏதாவது கையில வச்சுக்கச் சொன்னாங்க, அங்க திறந்து கிடந்த பெட்டியிலேர்ந்து எடுத்தேன். போட்டோக்காரன் பெட்டின்னு நெனச்சுட்டேம்மா."

விமானப் பழுது கம்பெனியின் மேலாளருக்கு மெக்கானிக்கின் பெட்டி எது, போட்டோக்காரரின் பெட்டி எது என்று தெரியவில்லை. இவர் வாயால் அனுபவம் என்று கேட்டது என் தலைவிதி.

"ஹேங்கர்ல கிடந்துச்சுன்னு எழுதிடுங்க. உங்க வீட்டுக்காரர் நாளைக்கே வேலைக்கு வரட்டும். நமக்குள்ள என்ன?"

தொலைந்த கருவி கிடைத்தால், எடுத்தவர் கையெழுத்தோடு நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்தேன். எடுத்தவர்: மேலாளர். கிடைத்த இடம்: மேலாளரின் கார். எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"போட வேண்டாம், சார். விமானம் நிக்கட்டும்."

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. விமானக் கம்பெனி. எடுக்காமல் அணைத்தார். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை மாமியாரிடம் தலை நிமிர்ந்து விஷயத்தைச் சொன்னேன். என் புருஷன் மறுநாள் வேலைக்கு வந்தார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் விமானக் கம்பெனி மைக்குக்குக் கேடயம் கொடுத்தது. தன் தவறைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட நேர்மைக்காகவாம். அந்தப் படிவத்தைச் சேர்மனே மேடையில் உயர்த்திக் காட்டினார். மைக் நாற்பது நிமிஷம் பேசினார். எங்களை எழுந்து நின்று கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

என் புருஷனை அங்கே காணவில்லை. தேடிக்கொண்டு ஹேங்கருக்குப் போனேன். இறக்கைக்கு அடியில் தனியாக நின்று, ஒரு பேனலின் ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இதை அப்பவே மூடிட்டீங்களே?"

"ஒரு தடவை பார்த்துடறேன்."

"எதைப் பார்க்கணும்? உங்க கையில இருக்கற ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் தவிர எல்லாம் வந்தாச்சு. நானேதான் பலகையில மாட்டினேன்."

"தெரியும்" என்றார். பேனலைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே வெகுநேரம் பார்த்தார். மூடினார். கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதையே திரும்பக் கழற்ற ஆரம்பித்தார்.