நாலாம் வகுப்பைப் பெருக்கியது யார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு புகார்க் கடிதத்திலிருந்து கிடைத்தது. எழுதியவர் யார் என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

முதல் வரியை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன்.

மூடுபனி மலைமுகட்டை மெல்லத் தழுவ— வேண்டாம். கம்பத்திலிருந்து மலையேறி எல்லை தாண்டி வந்து, மலையாளச் சீமையில் இந்தப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாகத் தமிழ்ப் பாடம் எடுக்கிறேன். பனியைப் பார்த்து இங்கே எவனும் மெய்ம்மறந்து நின்றதில்லை, துணி காயாதே என்று திட்டத்தான் செய்வான்.

ஆசிரியப் பணி என்பது ஒரு— ஐயையோ. மைக்கைப் பிடுங்குங்கள்.

வைரமணியின் கண்களில் நீர் முட்ட— அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

நாலாவது வரி நிற்கிறது: பள்ளி திறந்த நாளில், காலை எட்டரை மணிக்கு, வைரமணி தன் முதல் வேலைக்கு வந்து சேர்ந்தபோது, வராந்தாவில் ஒருத்தி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள்.

[‘ஒருத்தி’ என்று எழுதியது என் கைதான். அடிக்காமல் விடுகிறேன். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.]

2

பெருக்கியவர் நிமிர்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. ஆனால் அந்த அகலமான நெற்றியையும் இடது புருவத்தில் இருந்த தழும்பையும் வைரமணி எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். பெண்ணம்மா டீச்சர். எழுத்துக்கூட்டப் பழக்கியவர், எண்ணப் பழக்கியவர், பேன் பார்த்துவிட்டவர்.

வைரமணி வாயைத் திறப்பதற்குள் பெண்ணம்மா ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: “டீச்சர் புதுசா? ஆபீஸ் அந்தக் கோடி. பாத்து நடங்க, இப்பத்தான் பெருக்கினேன்.”

பிறகு துடைப்பத்தைத் தட்டுகிற சாக்கில், மகளிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணும் பேசாதே, மோளே. இங்க யாருக்கும் எதுவும் தெரிய வேணாம். போ, போய்க் கையெழுத்துப் போடு.”

சின்ன வயதில் எப்படிச் சொன்னதைக் கேட்டாளோ அப்படியே இப்போதும் கேட்டாள். போய்க் கையெழுத்துப் போட்டாள்.

நடந்தது இதுதான். மலைக்கு மேலே முதுவான் பழங்குடியினரின் ‘குடி’ என்கிற சிற்றூர் ஒன்றில், ஒரே கொட்டகையில், நாலு வகுப்புக்கும் ஒரே ஆளாகப் பதினெட்டு வருஷம் பாடம் எடுத்தவர் பெண்ணம்மா. அப்புறம் அந்த மாதிரிப் பள்ளிகளை எல்லாம் ஒரே உத்தரவில் மூடினார்கள். அவருக்குக் கொடுத்த மாற்று வேலை, கீழே இந்தப் பள்ளியில் பகுதி நேரத் துப்புரவு. இது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கதை எழுதுகிறவன், உத்தரவு எழுதுகிறவன் இல்லை.

3

வைரமணிக்கு அவர் அப்படி என்ன செய்துவிட்டார்? இந்த இடத்தில் எனக்கு நிறைய எழுத ஆசை. ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

வைரமணி பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததே தாமதம். நாலாம் வகுப்பு முடிக்கும்போது பன்னிரண்டு வயது. விடுதிப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவள் வயசுக்கு வந்துவிட்டாள். குடியின் வழக்கப்படி, ஊர் ஓரத்தில் தீட்டு நாட்களில் பெண்கள் தனியே தங்கும் குடிசைக்குள் போய்விட்டாள். உள்ளே போய் அவளைத் தொட்டால் பெண்ணம்மாவும் அங்கேயே தங்க வேண்டியதுதான். அப்புறம் மற்றப் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பது?

பெண்ணம்மா ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தார். குடிசையிலிருந்து பதினைந்து எட்டு தூரம். சாயங்காலம் அதில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

“பதிமூணேழு எவ்வளவுடீ?”

“தொண்ணூத்தொண்ணு டீச்சர்ர்ர்!” என்று குடிசைக்குள்ளிருந்து பதில் வரும்.

ஊர்த் தலைவரான காணிக்காரர் வந்து நின்றார். “டீச்சரே, அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு தெரியுமில்ல?”

“போகலையே காணிக்காரரே. இங்கதான உக்காந்திருக்கேன். கத்தக் கூடாதுன்னு உங்க வழக்கத்துல எங்கயாவது இருக்கா?”

அவர் யோசித்துப் பார்த்தார். இல்லை. “அப்ப கொஞ்சம் தெளிவாக் கத்துங்க. என் பேரன் பதினாலாம் வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பா ஒப்பிக்கிறான்” என்றுவிட்டுப் போனார்.

இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அவளைக் குளிக்கவைத்து அனுப்பினார்கள். இரண்டு பேரும் மறுநாள் விடியற்காலையில் மலை இறங்கிப் போய்ப் பரீட்சை எழுதினார்கள். [எழுதியது வைரமணி. ஆனால் ‘நாங்க எழுதினோம்’ என்றுதான் இருவருமே சொல்கிறார்கள். பதினோரு நாளா, ஒன்பது நாளா என்பதில் மட்டும் இன்னும் சண்டை.]

4

எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே சந்தேகம். பெண்ணம்மா இவ்வளவு நல்லவராக இருந்தால் யார் நம்புவார்கள்? ஒரு குறை தேடினேன். கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. மூக்குக்கு மேல் கோபம். போதாததற்கு அவரே ஒரு நாள் சொன்னார்:

“எனக்கு ஒரு மக இருக்கா சாரே. வாரத்துல அஞ்சு நாள் நான் மலையில. அவளை எங்க நாத்தனார்தான் வளத்தா. ‘ஊரான் புள்ளைக்குப் பாறையில உக்காந்து கத்தின, எனக்கு ஒரு போன் பண்ண நேரமில்ல’ன்னு இப்பவும் சொல்லிக்காட்டுவா. அவ சொல்றது பொய்யில்ல.”

இதற்கு நான் ஒரு ஆறுதல் வாக்கியம் எழுதி, அடித்துவிட்டேன். ஆறுதல் சொல்லும்படியாக எதுவும் இல்லை.

5

இப்போது வைரமணி செய்த தப்பு.

அவளுக்குக் கிடைத்தது நாலாம் வகுப்பு. டீச்சர் பெருக்கிய தரையில் நின்று எப்படிப் பாடம் எடுப்பது? அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாளே ஆறரை மணிக்கு வந்துவிட்டாள். தன் வகுப்பைப் பெருக்கினாள், பக்கத்து வகுப்பை, வராந்தாவை, கிணற்றடியை. ஏழு மணிக்கு வந்த பெண்ணம்மாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. மூன்று வாரம் இப்படியே போயிற்று. பெண்ணம்மா முதலில் முறைத்தார், அப்புறம் பேச்சை நிறுத்தினார், கடைசியில் சில்வர் ஓக் மரத்தடியில் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தவரைத் தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு ஆசிரியர் பார்த்தார். ‘துப்புரவுப் பணியாளர் பணி செய்வதில்லை’ என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்தார். அவர் ஒரு—

சரி. நான்தான். தெரியாமல் எழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? பெருக்குகிறவரிடம் போய் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

தலைமையாசிரியர் பேபி சார் நல்ல மனுஷர், ஆனால் காகிதம் என்றால் நடுங்குவார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் மேலே எழுதிவிடுவேன் என்றார். எழுதினால் அந்த வேலையும் போகும்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் பெண்ணம்மா வெடித்தார். பூவரச மரத்துக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன், கேட்கக் கூடாதுதான்.

“என்னடீ நினைச்சிட்டிருக்க? நீ பெருக்கினா நான் திரும்ப டீச்சர் ஆயிடுவேனா?”

“என்னால பாத்துட்டு இருக்க முடியல டீச்சர்.”

“ஏன் முடியல? மண்ணைக் கூட்டுறேன், திருடலயே? எனக்கு வெக்கமில்ல. உனக்குத்தான்டீ வெக்கமா இருக்கு.”

“நீங்கதான சொல்லக் கூடாதுன்னீங்க? முதல் நாளே வாயை அடைச்சிட்டீங்க!”

பெண்ணம்மா வாளியை எடுத்தார், வைத்தார். “பெருக்குற தூப்புக்காரி படிக்க வச்ச பொண்ணுன்னு உன்னை யாரும் எளக்காரமாப் பேசிடக் கூடாதுன்னு நினைச்சேன்” என்றார்.

“அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் வெக்கப்பட்டிருக்கோம்” என்றாள் வைரமணி.

6

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் எல்லோரும் இருந்தோம். பெண்ணம்மா அங்கேதான், நாற்காலிகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். பேபி சார் தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிக்கும் முன் வைரமணி எழுந்து நின்றாள்.

“சாரே, மூணு வாரமா இந்தப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கினது நான். அவங்க வேலையை நான்தான் பிடுங்கிட்டேன். தப்பு என் மேல, எழுதித் தர்றேன். அவங்க என் டீச்சர். பாறையில உக்காந்து எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க இல்லன்னா நான் இன்னிக்கு இந்த ரூம்ல நிக்க மாட்டேன்.”

பேபி சார் கையிலிருந்த என் புகார்க் காகிதத்தை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். [மேலே எழுதவே இல்லை. காகிதத்துக்கு நடுங்குகிற மனுஷருக்கு அது பெரிய வீரம்.]

பெண்ணம்மாதான் முதலில் வாய் திறந்தார். “சொல்லியாச்சுல்ல? உக்காரு. தமிழ் சாரே, காலைக் கொஞ்சம் தூக்குங்க, அடியில குப்பை.”

தூக்கினேன். கண் கலங்கியது யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

7

இனி முடிவு.

ஒன்று: அரசு மனம் மாறி அவருக்குப் பழைய வேலையைத் திருப்பித் தருகிறது. எனக்கும் ஆசைதான். உத்தரவு வரவில்லை.

இரண்டு: வைரமணி அவர் காலில் விழுகிறாள், குழந்தைகள் கைதட்டுகிறார்க— போதும்.

மூன்று: கோட்டயத்தில் இருக்கும் பெண்ணம்மாவின் மகள் அவருக்குப் போன் செய்கிறாள். இதை நான் எழுத முடியாது. அவள் செய்தால்தான் உண்டு.

நான் கண்ணால் கண்டதை வைக்கிறேன். அடுத்த புதன்கிழமை, பெருக்கி முடித்த நேரம். வைரமணி வராந்தாவுக்கு ஓடி வந்தாள்.

“டீச்சர், என் கிளாஸ்ல புதுசா ஒரு புள்ள, மேல் குடியிலேர்ந்து வந்திருக்கா. நாலு நாளா வாயே தொறக்கல. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். எனக்குத் தெரியல. வந்து பாருங்களேன்.”

“நீதான அவளுக்கு டீச்சர்?”

“ஆமா. அதான் என் டீச்சரைக் கூப்பிடறேன்.”

பெண்ணம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். தலைமுடியைச் சரிசெய்தார். வகுப்புக்குள் போய், கடைசி பெஞ்சில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார். வைரமணி கதவைச் சாத்தினாள்.

ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டுதான். அன்றைக்கு நான் என் வகுப்புக்குப் போய்விட்டேன். அதனால் உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது, நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். எடுத்த எடுப்பில் அந்தப் பிள்ளையைப் பேச வைத்துவிடாதீர்கள். டீச்சர் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார்.